வளையாத இடம்

திருவனந்தபுரம்
12 நவம்பர் 2023

அன்புள்ள புஷ்பம் அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே இவரும் ஜெஸ்லினும் சுகம். நீயும் மதரும் மற்ற சிஸ்டர்மாரும் சுகமா? நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மடத்துக்குப் பொய் எழுதக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இடுப்புக்கு மேலே நழுவியிருந்த எலும்பை நேராக்கி, ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து, அடுத்த எலும்போடு சேர்த்து இறுக்கியிருக்கிறார்கள். காலில் கரண்ட் அடிப்பது போல ஓடிய வலி போய்விட்டது, அது உண்மை. மற்றபடி நான் ஒரு மரக்கட்டை. கட்டிலில் நேராக எழுந்து உட்காரக் கூடாது. உருண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். குனியக் கூடாது, திரும்பக் கூடாது, தூக்கக் கூடாது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுத்தவளுக்கு, காலேஜ் போகிற மகள் உள்பாவாடை மாட்டிவிடுகிறாள். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதைப் பார்த்தால் எனக்குத்தான் வெட்கம்.

சாலை மார்க்கெட்டில் இரும்புக் கடை வேலை முடிந்து வந்ததும் இவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாம் சரியாவும் ரத்னா, கொஞ்சம் பொறுமையா இரி" என்கிறார். "அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொன்னா தலையணையை எடுத்து எறியுவேன்" என்றேன். எறியவும் முடியாது. உடம்பு திரும்பக் கூடாதே.

உன்னிடம் போனில் அழலாம் என்றால் உங்கள் மடத்தில் அதற்கும் வழியில்லை. ஆகவே எழுதிக் கேட்கிறேன். வாசல் தாண்டாத உங்களில் ஒரு சிஸ்டர், தாயார் படுத்திருந்தபோது மதரிடம் அனுமதி வாங்கி ஊருக்குப் போய் வந்ததாக முன்பு எழுதியிருந்தாயே. எனக்காகவும் கேட்டுப் பார். ஒரு வாரம் வந்து என் பக்கத்தில் இரு. போதும்.

உன் தங்கை,
ரத்னாபாய்


அடைப்பு மடம், செம்பாறைக்குளம்
23 நவம்பர் 2023

அன்பு ரத்னாவுக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடு இருப்பதாக. உன் கடிதம் கிடைத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நாங்கள் அனைவரும் நன்றி சொன்னோம். மதர் உன் பெயரை மன்றாட்டில் சேர்த்துக்கொண்டார்.

இங்கே எல்லாரும் நலம். கிறிஸ்துமஸ் நெருங்குவதால் கோயில்களுக்குத் திருப்பலி அப்பம் சுடுகிற வேலை அதிகம். தோட்டத்தில் வெண்டை நன்றாகக் காய்த்தது; இப்போது மழையில் எல்லாம் சாய்ந்து கிடக்கிறது.

டாக்டர் சொன்னபடி நட. கால்சியம் மாத்திரையைத் தவற விடாதே. ஜெஸ்லினிடம் கோபப்படாதே, அவளும் குழந்தைதான். டிசம்பர் தொடங்கியதும் திருவருகைக் காலம். உனக்குத் தெரியுமே, அந்த நாட்களில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. வருகிற கடிதங்களையும் மதர் எடுத்து வைத்துக் கிறிஸ்துமஸ் கழிந்துதான் தருவார். அதுவரை உன்னை ஆண்டவர் கையில் ஒப்படைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


திருவனந்தபுரம்
14 டிசம்பர் 2023

அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நீ இதை உடனே படிக்கப் போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். படிக்க ஆளில்லாத கடிதத்தில் மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

இன்று குளித்து முடித்ததும் உடம்பு துடைக்கிற துவர்த்து கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டது. வீட்டில் யாருமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கால் விரலால் கவ்வி எடுக்கப் பார்த்தேன். இரண்டு தடவை விரலுக்குள் வந்தது, முழங்கால் உயரம் வருவதற்குள் விழுந்துவிட்டது. ஈர உடம்போடு அப்படியே நின்றேன். குளிரில் நடுங்கினால் முதுகு இழுக்கிறது. நடுங்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு துவர்த்து! சம்பளம் வாங்குகிற, யூனியன் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிற ஒருத்தி ஒரு துவர்த்தைப் பார்த்து அழுதாள். கடைசியில் கதவுக்குப் பின்னால் கிடந்த அழுக்கு நைட்டியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். தங்களுக்குத் தெரிந்த முதுகு ஆபரேஷன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்கள். ஒருவருக்குக் கால் போயிற்றாம். இன்னொருவர் மரம் ஏறுகிறாராம். இரண்டையும் கேட்டு, சாயா குடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

மதரிடம் கேட்டாயா? உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வெண்டைக்காய் இருக்கிறது, மழை இருக்கிறது, கால்சியம் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை.

ரத்னா


அடைப்பு மடம், செம்பாறைக்குளம்
28 டிசம்பர் 2023

அன்பு ரத்னாவுக்கு,

கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி உன் வீட்டில் நிறையட்டும். ஜெயகுமாருக்கும் ஜெஸ்லினுக்கும் என் வாழ்த்து. எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

துவர்த்து பற்றி நீ எழுதியதைப் படித்து வெகு நேரம் ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. குளியலறையில் உன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு ஆணி அடிக்கச் சொல். மாற்றுத் துணி அதில் எப்போதும் தொங்கட்டும். கதவைத் தாழிடாதே.

மதருக்கு இந்த மாதம் காய்ச்சல். மடத்துப் பொறுப்பு முழுக்க அவர் தோளில் இருக்கும்போது எதையும் கொண்டுபோய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. நீ எழுதியது எல்லாம் என் நினைவில் உண்டு.

இத்துடன் நாங்கள் செய்த சிறு ஜெபமாலை ஒன்று அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


திருவனந்தபுரம்
25 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். மதரின் காய்ச்சல் குறைந்ததா? ஜெபமாலை வந்தது. ஆணியும் அடித்தாயிற்று.

இப்போது மீரா என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்விக்கிறாள். ஜெஸ்லினைவிடக் கொஞ்சம் மூத்தவள். முதல் நாளே மாப்புக் கம்பை எடுத்து என் முதுகில் நெட்டுக்கு வைத்தாள். பின்தலை, முதுகு, பிட்டம் மூன்றும் கம்பைத் தொட்டபடி முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டுமாம். கம்பு விலகினால் தப்பு. எனக்கு ஒவ்வொரு தடவையும் விலகியது. பிறகு படுத்துக்கொண்டு, பாதத்தில் துண்டை மாட்டிக் காலை மேலே இழுக்கச் சொன்னாள். தொடைக்குப் பின்னால் உள்ள நரம்பெல்லாம் காய்ந்த கயிறு மாதிரி ஆகிவிட்டது.

"எப்ப நான் பழையபடி குனியுவேன்?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்து, "சேச்சி, ஆஸ்பத்திரியில சொல்லலையா?" என்றாள். "அந்த இடம் இனி வளையாது. வளையவும் கூடாது. அது ஒட்டிப் பிடிக்கணும்னுதானே ஆபரேஷன் செஞ்சது. இடுப்பும் முட்டும் நல்லா வளைஞ்சா மதி."

"போதும்னு நீ சொல்லுத. குனியுறது நானாக்கும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் சொல்லியிருப்பார், நான் கையெழுத்தும் போட்டிருப்பேன். வலி போனால் போதும் என்றிருந்தவள் காதில் எது ஏறும்? இத்தனை நாளும் இது மெல்ல இளகிவிடும் என்று நினைத்துக் காத்திருந்தேன். இளகக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாரும் பாடுபட்டிருக்கிறார்கள். அவள் போன பிறகு மாப்புக் கம்பைச் சுவரில் அடித்தேன். அது உடையவில்லை. முதுகுதான் சுளீரென்றது.

மாறாத ஒன்றோடு எப்படி வாழ்வது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் அக்கா. முப்பது வருஷமாக ஒரே சுவருக்குள் இருக்கிறாய். அதைத்தான் நேரில் கேட்க நினைத்தேன்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். மதரிடம் கேட்டாயா? "விடவில்லை" என்று ஒரு சொல் எழுது. பிறகு நான் கேட்க மாட்டேன்.

ரத்னா


அடைப்பு மடம், செம்பாறைக்குளம்
9 பிப்ரவரி 2024

அன்பு ரத்னாவுக்கு,

இயேசுவின் சமாதானம். உன் கடிதம் கண்டேன். மீரா சொல்வதைக் கேள். அந்தப் பெண் உண்மையைச் சொல்கிறாள், அப்படிச் சொல்பவர்கள் கிடைப்பது அரிது.

மதர் எழுந்து நடமாடுகிறார். இங்கே மற்றபடி சுகம். புதன்கிழமை விபூதித் திருநாள். இனி உயிர்ப்பு ஞாயிறு வரை தவக்காலம், கடிதம் இல்லை.

நீ கேட்ட சொல்லை என்னால் எழுத முடியவில்லை. என் மேல் கோபப்படு, பரவாயில்லை. பயிற்சியை மட்டும் விடாதே.

அக்கா


திருவனந்தபுரம்
20 மார்ச் 2024

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். எழுதாவிட்டால் கடிதம் குறைவுபடும் என்பதற்காக எழுதினேன்.

போன வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவருகிறதாம். ஜெஸ்லினை அங்கிருந்தே காலேஜுக்கு அனுப்பிவிட்டு, திரும்பும்போது ஆட்டோவுக்கு நிற்காமல் பஸ் ஏறினேன். கையில் பையில்லை, டிக்கெட் மிஷினில்லை, வெறும் பயணி. கண்டக்டர் புதிய பெண். என்னை யாரென்று தெரியவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து புகுந்து, பின்னால் திரும்பி ஒருவருக்கு டிக்கெட் கொடுத்து, முன்னால் திரும்பிப் பெல் அடித்தாள். அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டம் ஜங்ஷனில் டிரைவர் பிரேக் போட்டார். சின்ன பிரேக்தான். நான் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்த பிடியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, மிச்சத் தூரத்தை வெயிலில் நடந்தேன்.

டாக்டர் பஸ் டியூட்டி இப்போது வேண்டாம் என்கிறார். தம்பானூர் ஸ்டாண்டில் விசாரணை ஜன்னலில் உட்காரலாம் என்று டிப்போவில் பிரவின்ராஜ் சார் சொல்லியிருக்கிறார். நாகர்கோவில் பஸ் எங்கே நிற்கும், எப்போது போகும் என்று சொல்லிக்கொண்டு ரிட்டயர்மென்ட் வரை இருக்கலாம். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு ஜன்னலைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது. பயிற்சியெல்லாம் எதற்கு? ஜன்னலில் உட்கார இடுப்பு வளைய வேண்டியதில்லை.

இனி என் முதுகுக்காக ஜெபிக்க வேண்டாம். உங்கள் மன்றாட்டில் வேறு யாராவது இருப்பார்கள். அவர்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரத்னாபாய்


திருவனந்தபுரம்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகள். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? நான் ஜெஸ்லின். பள்ளியில் மலையாளம் படித்ததால் எனக்குத் தமிழ் எழுத்து அவ்வளவு வராது. சில வார்த்தைகளை அப்பாவிடம் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. அம்மாவுக்கும் இது தெரியாது. தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

அம்மா இப்போது பயிற்சி செய்வதில்லை. மீரா சேச்சி வந்தால் "இன்னைக்கு சுகமில்ல மோளே, போய்ட்டு வா" என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறாள். நாள் முழுக்க இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருக்கிறாள். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் சண்டை வரும்.

பெரியம்மா, நான்தான் டாக்டரிடம் கூடப் போனேன். அவர் "இன்னும் ரெண்டு மாசம் நல்லா எக்சர்சைஸ் பண்ணுங்க, பெல்ட் கட்டிட்டு பஸ் டியூட்டிக்குப் போகலாம், முதல்ல அரை நாள் மாதிரி" என்றுதான் சொன்னார். சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா அவரிடம், "பஸ்ஸே கூடாதுன்னு சொல்லிட்டார்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் என்னைப் பார்த்ததே இல்லை. கோபமில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

சின்ன வயதில் நான் அம்மாவுடைய பஸ்ஸில் முன்சீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போவேன். பெரிய பெரிய ஆட்களையெல்லாம் "உள்ளே கேறி நில்லு" என்று அவள் விரட்டுவாள். அந்த அம்மாவை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நீங்கள் ஏதாவது எழுதுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
ஜெஸ்லின்


அடைப்பு மடம், செம்பாறைக்குளம்
15 ஏப்ரல் 2024

அன்பு ரத்னாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். ஜெயகுமாரும் ஜெஸ்லினும் சுகமா? உன் மார்ச் மாதக் கடிதத்தை மதர் உயிர்ப்பு ஞாயிறு கழிந்து தந்தார். உன் பெயரை மன்றாட்டிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

மதர் விடவில்லை என்று நான் எழுதாததற்குக் காரணம், அது உண்மையில்லை. நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பார். நவம்பரில் உன் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு அவரே, "உனக்குப் போக வேண்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம் மதர்" என்றேன். அவர் என் கட்டுப்பாட்டை மெச்சினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கட்டுப்பாடு ஒன்றுமில்லை ரத்னா. பயம். ஜெஸ்லினை நான் பேசும் அறையில் கம்பித் தடுப்புக்கு அப்புறம் மட்டுமே பார்த்திருக்கிறேன். குழந்தையாக இருந்தபோது அவள் விரலை இந்தப் பக்கம் நீட்டினாள், அதைத் தொட்டதுதான். உன் வீட்டில் ஒரு வாரம் இருந்தால், உனக்குத் தலை வாரிவிட்டால், அவள் காலேஜிலிருந்து வரும் நேரத்துக்குக் காத்திருந்தால், திரும்ப இங்கே வர எனக்குக் கால் எழும்புமா என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமில்லை. ஆகவே மடத்துச் சட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அங்கே நின்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்; புகழக்கூடச் செய்வார்கள். வசதியான இடம்.

அங்கேயே நின்று உனக்கு வெண்டைக்காயைப் பற்றி எழுதினேன்.

மாறாத ஒன்றோடு எப்படி வாழ்வது என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது போலக் காட்டிக்கொள்ள மட்டும் நன்றாகத் தெரியும்.

வேறொன்றும் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


திருவனந்தபுரம்
30 ஜூன் 2024

அன்புள்ள புஷ்பம் அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். எல்லாரும் சுகம். நீயும் மதரும் சுகமா? பதில் எழுத இவ்வளவு நாளானதற்குத் தவக்காலம் எதையும் காரணமாகச் சொல்ல எனக்கு வழியில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. மதரே கேட்டும் வேண்டாம் என்றிருக்கிறாள், நான் இங்கே துவர்த்துக்கு அழுதுகொண்டு நிற்கிறேன் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். இவர் பயந்துபோய், "என்ன, வலிக்குதா?" என்றார். "ஆமா" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

கோபம் இறங்கப் பல நாள் ஆயிற்று. இறங்கின பிறகு ஒரு வரி மட்டும் போகவில்லை. வசதியான இடம் என்று எழுதியிருந்தாய். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தேன். ஜெஸ்லின் உனக்கு ஏதாவது எழுதினாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் தமிழ் வார்த்தைகள் கேட்டதை இவர் சொல்லியிருந்தார், கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

மீராவைத் திரும்ப வரச் சொன்னேன். "சேச்சிக்கு இப்ப சுகமாயோ?" என்றாள். "இல்ல. இருந்தாலும் வா" என்றேன். முதலிலிருந்து தொடங்கினோம். விட்டதெல்லாம் திரும்ப இறுகிப்போயிருந்தது. அவளைத் திட்டிக்கொண்டே செய்தேன். கம்பு விலகாமல் குனிய வந்தபோதும் ஒரு சந்தோஷமும் வரவில்லை அக்கா. இவ்வளவுக்குத்தானா என்று எரிச்சல்தான் வந்தது. முன்பு யோசிக்காமல் செய்ததை இப்போது யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. வாழ்நாள் முழுக்க இப்படித்தானாம்.

இந்த மாதத் தொடக்கத்தில் டிப்போவுக்குப் போனேன். பிரவின்ராஜ் சார் விசாரணை ஜன்னலுக்கு ஆர்டர் எழுத எடுத்தார்.

"சார், டாக்டர் பஸ் கூடாதுன்னு சொல்லல. நானாக்கும் அப்படிச் சொன்னது" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"பேடிச்சிட்டேன் சார்."

பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பயந்தேன் என்று அந்த ஆபீசில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சார் ஆர்டர் தாளைத் திருப்பி வைத்தார். பிறகு, "கிழக்கேகோட்டையில இருந்து பேரூர்க்கடை, மதியம் வரைக்கும். முடியலேன்னா வந்து சொல்லணும், கேட்டியா?" என்றார். வீட்டுக்கு வந்து இவரிடமும் சொன்னேன். "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றார். இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறார்! அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

முதல் நாள் நன்றாகப் போகவில்லை. பாளையம் தாண்டியதும் ஒரு ஸ்கூட்டர்காரன் குறுக்கே வந்தான். டிரைவர் பிரேக்கை மிதித்தார். நான் பஸ்ஸின் நடுவில் நின்றிருந்தேன். உடம்பு முன்னால் போயிற்று. முட்டு தானாக மடங்கிற்று, இடுப்பு பின்னால் போயிற்று, தோள் கம்பியில் இடித்து நின்றேன். முதுகு நேராகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வலி வருவதற்குக் காத்திருந்தேன். வருவதற்குள் ஒரு அம்மாள், "சேச்சி, ஸ்வப்னம் கண்டோண்டு நிக்காம டிக்கெட் தா" என்று கத்தினாள். கொடுத்தேன். பிறகு "எல்லாரும் உள்ளே கேறி நில்லு" என்றேன். இரண்டு பேர்தான் நகர்ந்தார்கள்.

மதியம் வீட்டுக்கு வந்தால் தரையில் பாய் போட்டுப் படுத்துவிடுகிறேன். இடுப்பு இரண்டு பக்கமும் எரிகிறது. சில நாள் படியில் ஏறும்போதே நாளைக்கு ஜன்னலுக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. மறுநாள் காலையில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, யாரையாவது திட்டிக்கொண்டு கிளம்புகிறேன். சுகமாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. கோபம் இன்னும் இருக்கிறது. உன் மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நீ வர வேண்டாம் அக்கா. உன் பயம் உன்னிடமே இருக்கட்டும், நான் அதை இழுத்து வெளியே போட மாட்டேன். ஆகஸ்டில் எனக்கு இரண்டு நாள் லீவு சேர்ந்து வருகிறது. நானும் ஜெஸ்லினும் வருகிறோம். நாகர்கோவிலில் இறங்கி, கொஞ்சம் நடந்து, அடுத்த பஸ் பிடிப்போம். உங்கள் பேசும் அறையில் பார்க்க வருகிறவர்களுக்குச் சாய்மானம் இல்லாத பெஞ்சுதான். அதில் என்னால் அரைமணி கூட உட்கார முடியாது.

மதரிடம் ஒரு நாற்காலி கேள். முதுகு சாய்கிற நாற்காலி. இதையாவது கேள்.

உன் தங்கை,
ரத்னா